படகை முழுகவைத்த காலை

முகத்துவாரத்துத் துறையில் நான் ஓடக்காரனாக இருந்த ஆண்டுகளில், புயல் எச்சரிக்கை வந்தால் அதை ஏறும் ஆள்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதும் என் வேலை. தாலுகா அலுவலகத்தில் அப்படி முடிவு செய்திருந்தார்கள். அந்தக் கரையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஓடக்காரன் நான் ஒருவன்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வருமா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊர் ஆள்களுக்கும் அக்கரை மிராசுதாருக்கும் அறுப்புத் தகராறு. புது ஆட்சி கூலிக்குச் சட்டம் போட்டிருந்தது. மிராசுதார் சட்டத்தைப் படித்துவிட்டு, வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார். கொடி, மறியல், போலீஸ் எல்லாம் ஆன பிறகு தாசில்தார் முன்னால் ஒரு உடன்பாடு. சொன்ன நாளில் உச்சிப்பொழுதுக்குள் எங்கள் ஆள்கள் வயலில் இறங்கிவிட்டால் குறுவை அறுப்பு அவர்களுக்கு. இறங்காவிட்டால் வெளியூர் ஆள்களுக்கு. பாலம் சுற்றிப் போனால் அரைநாளுக்கு மேல் ஆகும். ஆகவே என் படகுதான்.

அன்று காலை பதினாலு பேர் அரிவாளோடு வந்து நின்றார்கள். படகு பத்துப் பேருக்கானது. அதே நேரம் தலையாரி சைக்கிளில் வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். இடி மின்னலுடன் சூறைக்காற்று வீசும், படகுகள் நீரில் இறங்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. வாசித்தேன்.

"என்ன தம்பி, உனக்கு நீயே படிச்சுக்கிறியா? எங்களுக்கும் கேக்கட்டும்," என்றார் ஆள்களுக்குத் தலைமையாக வந்திருந்த அக்கா.

மறுபடியும் வாசித்தேன்.

"இன்னிக்கின்னு பாத்து இடி வருதாக்கும். சீட்டு யாரு குடுத்தா?"

"தாலுகா ஆபீசுங்க அக்கா."

"போன வாரம் தாசில்தார் யாரு வீட்டுல சாப்பிட்டாரு, அதைக் கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். "மழையும் மிராசு பக்கம் சேந்துடிச்சுபோல," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. அப்படிக் கறுத்தால் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் உள்வாங்கி நீர் வற்றும் நேரம் வேறு. நடு ஆற்றில் ஊன்றும் கழி தரை தொடாது. அங்கே அகப்பட்ட படகு மணல்திட்டைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். இரண்டு படகுகள் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தது ஒரு துடுப்பு. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். "காத்து அடிக்கும்க்கா," என்று மட்டும் சொன்னேன்.

"அடிக்கட்டும், வேர்க்குது."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகின் அடியில் ஒரு துளை இருக்கும். அதை மரக்கட்டையால் அடைத்திருப்போம். புயல் வருகிறதென்றால் கட்டையைப் பிடுங்கி, படகைக் கரையோரமாக முழுகவைத்துக் கட்டிவிடுவோம். தண்ணீருக்கடியில் கிடக்கும் படகைக் காற்று ஒன்றும் செய்யாது. நான் தண்ணீர் இறைப்பதுபோல் குனிந்து, கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

படகு முழுக நேரம் எடுத்தது. அதற்குள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கணுக்கால் நனைந்த பிறகு இறங்கினார்கள். "ஓட்டை," என்றேன். அது பொய் இல்லை.

கரையில் நின்று திட்டினார்கள். என் தகப்பனார் வரை போனார்கள். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் காற்று வந்தது. முதல் இடி அக்கரைத் துறையின் பனைமரத்தில் விழுந்தது. பதினாலு பேரும் அரிவாளைத் தூர வீசிவிட்டு மணலில் குந்தினார்கள். ஆறு முழுவதும் நுரையாகக் கடலைப் பார்த்து ஓடிற்று. அதற்குப் பிறகு யாரும் என் தகப்பனாரைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தது. எல்லோருமாகப் படகைத் தூக்கிக் கவிழ்த்து நீரைக் கொட்டினார்கள். நான் மடியிலிருந்து கட்டையை எடுத்து அடைத்தேன். அக்கா பார்த்துவிட்டார்.

இரண்டு நடையாக அக்கரை சேர்த்தேன். எங்கள் படகு முழுகியதைப் பார்த்ததுமே இறங்கி, காற்று வருமுன் வெளியூர் ஆள்கள் பாதி வயலை அறுத்திருந்தார்கள். அறுத்த கதிர் தண்ணீரில் மிதந்தது. மீதி சாய்ந்து கிடந்தது.

"நேரம் போச்சு," என்றார் மிராசுதாரின் காரியக்காரர்.

"நெல்லும் போவுது, பாருங்க," என்றார் அக்கா.

காரியக்காரர் வயலைப் பார்த்தார். சாய்ந்த நெல்லை அறுக்க வெளியூர் ஆள்களுக்கு மனமில்லை. அது எங்கள் ஆள்களுக்கு என்று முடிவாயிற்று.

திரும்பும்போது அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பாதி அறுப்பு போச்சு, தம்பி."

"ஆமாங்க்கா."

"உனக்கு வாய்தான் தொறக்காது."

நான் கழியைப் பார்த்துக்கொண்டு தள்ளினேன்.

மறுநாள் அறுப்புக்கு அவர்தான் முதல் ஆளாக ஏறினார். அந்தக் கட்டையின் மேல் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, "ம், தள்ளு," என்றார்.