விடுப்பு மாதத்து முத்திரை

சிலிண்டர் சோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் ‘தண்ணி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாக ஒரே வேலை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும் ஆக்சிஜன் சிலிண்டரைக் காலி செய்து, உள்ளே சின்ன விளக்கை இறக்கித் துருவைப் பார்த்து, வாய்வரை தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றுவாள். இரும்பு இம்மியளவு உப்பும். அழுத்தத்தை இறக்கினால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் கழுத்தில் மாதம், வருடம், கூடவே அவளுடைய எண் பதினேழு என்று முத்திரை அடிப்பாள். திரும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

அவளுடைய மாமனாருக்கு நுரையீரல் நோய். போன வருடம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், அன்றிலிருந்து கட்டிலருகே சிலிண்டரும் மூக்கில் குழாயுமாகத்தான் இருக்கிறார். வாய் மட்டும் ஓயவில்லை. ஒரு ஞாயிறு காலை மாற்று சிலிண்டர் வந்து இறங்கியதும், பழக்க தோஷத்தில் அவள் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“என்னம்மா, அது கழுத்தைப் பிடிக்கிற? எனக்கு முன்னாடி அது போயிடும் போலிருக்கா?”

“இதுல என் நம்பர் இருக்கு மாமா.”

“அப்ப நம்ம வீட்டு ஆளுதான்னு சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. முத்திரையில் இருந்தது போன வருட ஆகஸ்ட். அந்த மாதம் முழுக்க அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை.

பஸ் ஓட்டும் கணவன் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனைக் கையோடு அனுப்பி வேறு சிலிண்டர் வரவழைத்து மாற்றினாள்.

மறுநாள் நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள். முத்திரை அச்சுகளைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி அவரிடம்தான் இருக்கும்.

“சார், போன ஆகஸ்ட்ல என் நம்பரை யார் அடிச்சது?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “லோடு குவிஞ்சு கிடந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து போன் மேல போன். வெளியில பாக்க நல்லா இருந்ததை மட்டும்தான் அனுப்பினேன்.”

“தண்ணி ஏத்திப் பாத்தீங்களா?”

“ஆள் ஏது? நீதான் லீவுல இருந்தியே.”

“மொத்தம் எத்தனை?”

“அறுபத்தொண்ணு.”

“அத்தனையையும் திரும்ப வரவழைங்க சார்.”

“பெரிசாக்காதம்மா. என் வேலை போயிடும்.”

அந்த ஒரு மாத விடுப்பை ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்தவர் அவர்தான். அது அவளுக்கு மறக்கவில்லை. இருந்தாலும் அன்று மதியமே முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாள்.

சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தன் வீட்டிலிருந்து வந்ததைத்தான் முதலில் சோதித்தாள். குறையே இல்லை.

“பாத்தியா? வீணா ஊரைக் கூட்டின” என்றார் மேற்பார்வையாளர்.

அடுத்த எட்டும் தேறின. சக ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. பத்தாவது சிலிண்டரில் அழுத்தத்தை இறக்கினாள். அளவுக் குழாயில் தண்ணீர் பழைய கோட்டுக்குத் திரும்பாமல் பாதியில் நின்றது. மறுபடி பார்த்தாள். உப்பிய இரும்பு திரும்பவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி விளக்கை இறக்கினால், முதல் தடவை கண்ணில் படாத அடி ஓரத்தைத் துரு அரித்துத் தின்றிருந்தது. பிரசவ வார்டிலிருந்து வந்த சிலிண்டர் அது.

மேற்பார்வையாளர் அவள் கையிலிருந்த விளக்கை வாங்கி, குனிந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். விளக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அறுபத்தொன்றில் நான்கு தேறவில்லை. வேறு யார் கைக்கும் போகாதபடி நான்கையும் முற்றத்தில் வைத்து இரண்டாக அறுத்தார்கள். மேற்பார்வையாளரை ஸ்டோருக்கு மாற்றினார்கள், வேலை போகவில்லை. ஆனால் மூன்று மாதம் அவர் அவள் இருந்த பக்கமே தலைகாட்டவில்லை.

பிறகு ஒரு நாள் கேன்டீனில் எதிரே வந்து நின்றார். கையில் இரண்டு டீ.

“பிரசவ வார்டு…” என்று ஆரம்பித்தவர், ஒரு டீயை அவள் பக்கம் நீட்டினார்.

“உக்காருங்க சார். டீ ஆறிடும்” என்றாள் அவள்.