வெந்நீர்த் தொட்டி கழுவியவர்

தஞ்சாவூரில் மகன் கட்டிய வீட்டில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதன் தண்ணீர் விஷயத்தில் வேறு யாரும் கை வைக்க நான் விடுவதில்லை. குளோரின் மருந்தை வாளித் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவேன். அப்போது தொட்டியில் ஆள் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சோதனைத் தாளின் நிறம் சரியாகும்வரை பேரப்பிள்ளைகளைக்கூட இறங்க விடமாட்டேன். கறை போக்க ஆசிட் என்ற பேச்சே கிடையாது. மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்?

வலங்கைமானுக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், மாமனாரின் மூட்டுவலிக்காகக் கொல்லைப்புறக் குளியலறைக்குள் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் வெந்நீர் ஊற்றவும் இறைக்கவும் கழுவவும் ஒரு பண்ணையாள் இருந்தார். வீட்டில் சின்னப்பிள்ளைகள்கூட அவரைத் தொட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுவ வேண்டுமென்றால் உள்ளே இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினால் தீட்டு. அதற்கு மாமனார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் என்பதால் ஊர்க் கிணற்றுக்கான பிளீச்சிங் பவுடர் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதை அள்ளி, தொட்டிக்காரர் கால் பட்ட இடமெல்லாம் தூவுவார். தண்ணீரை மட்டும் வாரக்கணக்கில் மாற்றமாட்டார். கிருமிக்குப் போடும் மருந்தால் சாதியைக் கழுவிய மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஆட்சி மாறியிருந்த சமயம். அறுவடைக் கூலி அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு விவசாயக் கூலிகளின் சங்கம் கொடி ஏற்றியது. கம்பம் நட்டவர்களில் தொட்டிக்காரரும் ஒருவர். மறுநாள் காலை ஆள் விட்டு அவரை இழுத்துவரச் செய்து, கொல்லையில் வைத்துப் புளிய விளாரால் மாமனாரே அடித்தார். முதுகில் ரத்தம் கசியக் கசிய, உப்புக்கறை போக ஆசிட் ஊற்றித் தொட்டியைத் தேய்க்கச் சொன்னார்.

ஆசிட் ஈரம் காயுமுன்பே மாமனார் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்தார். பி.யு.சி.யில் நான் வேதியியல் படித்திருந்தேன்.

"மாமா, ஆசிட் மேல அதப் போடாதீங்க. விஷப் புகை வரும்."

"கொடி நட்டவன் கால் பட்ட தொட்டிடி இது. ஒரு கை பத்தாது. நீ அடுப்படிக்குப் போ."

தொட்டிக்காரர் உள்ளே நிற்கும்போதே மூட்டையைக் கவிழ்த்து, கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டார். கதவிடுக்கில் பச்சையும் மஞ்சளுமாகப் புகை வந்தது. உள்ளே இருமல், பிறகு கதவை அறையும் சத்தம், பிறகு நகத்தால் பிறாண்டும் சத்தம். "ஆண்டே, மூச்சு முட்டுதுங்க..." மாமனார் அசையவில்லை. நான் அவரைத் தள்ளிவிட்டுத் தாழை இழுத்தேன். அதற்கு அவர் அறைந்த அறையில் என் இடது காது போனது. தொட்டிக்காரர் தவழ்ந்து வந்து, நுரையும் ரத்தமுமாக வாந்தி எடுத்தார்.

உயிர் தப்பியது. சங்கத்தின் புகாரில் மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அவனே தெரியாமல் கலந்துவிட்டான் என்று சொல்லும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மறுத்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது மூன்று மாதம். கண்கள் வீங்கி மூடியிருந்த தொட்டிக்காரரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து வாசலில் கிடத்தினார்கள். இன்ஸ்பெக்டர் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"அவரேதான் கலந்தாரு" என்றேன். சொன்னதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

என் குரல் கேட்ட பக்கம் தொட்டிக்காரர் முகத்தைத் திருப்பினார்.

"இந்த அம்மாதாங்க கதவத் தொறந்தாங்க" என்றார், இருமலுக்கு நடுவே. "அவங்களுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது. அவங்க சொன்னபடியே எழுதிக்குங்கய்யா."

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.