போட்டியில்லை

இரங்கூன் துறைமுகக் கிடங்கில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த துரை அயர்லாந்துக்காரர். செம்பட்டை மீசை, அதன் இடது நுனி வலது நுனியைவிட அரை அங்குலம் நீளம். சென்னையில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். மூன்று மணிக்குத் தேநீர் வந்ததும், தம் ஊர்த் தொகுதியிலிருந்து லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனவர்களை வரிசையாகச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, "போட்டியில்லை" என்று கரண்டியால் மேசையைத் தட்டுவார். அயர்லாந்து தனியாகப் பிரிந்தபோது அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது.

"நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க, துரை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கய்யா போட விட்டானுங்க? எப்பவும் ஒரு ஆளுதான் நின்னான்."

அந்த ஆண்டு, குமாஸ்தாக்களின் நூலகச் செயலாளர் பதவிக்கு நான் மட்டுமே மனுக் கொடுத்திருந்தேன். நூல்களில் ஒட்ட எண்சீட்டுகள்கூட எழுதி வைத்துவிட்டேன். தேர்தலை நடத்த வந்த துரை, ஒற்றை மனுவைப் பார்த்ததும் முகம் வாடினார்.

"இங்கேயுமா?"

மனுக் கொடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. துரை எழுந்துபோய், புத்தகமே தொடாத தட்டச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "நீ நில்லுப்பா. தோத்தாப் பரவாயில்ல."

தட்டச்சர் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வாக்குச்சீட்டுகளை மூன்று முறை எண்ணிய துரை, என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நல்லா நின்னேய்யா! எங்க ஊர்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல." கண்கள் கலங்கியிருந்தன.

ஜெயித்தவருக்குக் கை கொடுக்க அவர் மறந்தே போனார்.