வெள்ளைக் கல்லில் ஒரு சொட்டு

என் அக்கா புருஷனுக்கு எண்ணெய் என்றாலே அருவருப்பு. விரலில் ஒரு பொட்டு பட்டாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சோப்பைத் தேடுவார். அப்படிப்பட்ட மனுஷன் பிழைப்புக்குப் பிடித்த வேலை என்ன தெரியுமா? பணக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பழங்காலத்துச் சொகுசுக் கார்களின் அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் ஒழுகுவதை நிறுத்துவது. எல்லாம் தலையெழுத்து! கேட்டால், "அருவருப்பு இருக்குறவன்தான் ஒழுங்கா அடைப்பான் மாப்ள, இல்லாதவன் துடைச்சுட்டுப் போயிருவான்" என்பார். பக்கத்துக் கடையில் லேத் ஓட்டும் எனக்கு அந்த நாற்றம் முழுக்க இலவசம்.

ஒருநாள் பெரிய வீட்டு டிரைவர் ஒருவன் நீளமான பழைய வண்டியோடு வந்து நின்றான்.

"அண்ணே, போர்ட்டிகோவுல வெள்ளைக் கல்லு போட்டிருக்காங்க. இன்னொரு தடவை எண்ணெய் சொட்டுச்சுன்னா வேலையை விட்டுப் போயிருன்னு முதலாளி சொல்லிட்டாரு. ரெண்டு பொண்ணுங்கண்ணே எனக்கு" என்று அழாத குறையாகச் சொன்னான்.

வண்டி ஒழுகினால் டிரைவர் என்ன செய்வான்? கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டு மடங்கிச் சுழலும் இடத்தில் உருண்டையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். உள்ளே எண்ணெய் நிற்கும். அந்த ஜாயின்ட்டை மச்சான் பிரித்தார். சீ! ஆளாளுக்கு அப்பிய பசை, அதன்மேல் பெயின்ட், அதற்கும் மேல் கிழிந்த பனியன் துணி, எவனோ மென்று துப்பிய சூயிங்கம். எல்லாம் ஊறிக் கறுத்துக் கொழகொழவென்று வந்தது.

"இந்தக் கருமத்தை அடைச்ச கையாலதான் சோறு தின்னானா அவன்?" என்று மச்சான் கத்தினார்.

மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெயின்ட் அதை அடைத்துவிட்டதால், சூடேறும்போதெல்லாம் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் பிதுங்கியிருக்கிறது. மச்சான் கம்பியால் குத்தித் திறந்தார். தண்டு தேய்ந்து பள்ளமான இடத்துக்கு நான் ஒரு வளையம் கடைந்து கொடுத்தேன். தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அமர்த்திப் பூட்டினார்.

"எப்பவாவது ஒரு சொட்டு விழும். விழணும். உள்ள ஈரம் இருக்குன்னு அதுதான் அடையாளம். முதலாளிகிட்ட சொல்லிரு" என்று டிரைவரிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

அவன் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவனுக்கு ஏது வாய்?

சில வாரம் கழித்து முதலாளி போனில் மச்சானைப் புகழ்ந்து தள்ளினார். ஒரு சொட்டுகூட விழவில்லையாம். மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு சொட்டுகூடவா?" என்று முணுமுணுத்தவர், என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே ஓடினார். போர்ட்டிகோவில் படுத்து மூடியின் அடி போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் துரு நிறத்தில் தூள்தான் ஒட்டிக்கொண்டு வந்தது.

டிரைவர் குனிந்து கிசுகிசுத்தான். "நான்தாண்ணே வடிச்சுட்டேன். எண்ணெய் இருந்தாத்தானே ஒழுகும்?"

அட முட்டாளே! இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஜாயின்ட் இறுகித் தண்டு முறிந்து, இவன் காலையே பதம் பார்த்திருக்கும். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

அதற்குள் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். மச்சான் எழுந்து அவர் எதிரே நின்றார்.

"எண்ணெய் தீர்ந்துபோச்சுங்க. ஊத்தியே ஆகணும். ஊத்தினா எப்பவாவது ஒரு சொட்டு விழும். அதுக்காக இவனை நிறுத்தினீங்கன்னா, இந்த வண்டியை நான் தொட மாட்டேன்."

முதலாளி யோசித்தார்.

"சரி, இவன் இருக்கட்டும். ஆனா கல்லுல விழக் கூடாது. தட்டு வச்சா பாக்க அசிங்கம். டேய், வண்டி நின்னதும் நீ அடியில போய்ப் படுத்துக்கோ. விழுந்தா துணியில பிடி. விருந்தாளிங்க கண்ணுல படாம இரு."

தூ! மனுஷனா இவன்? மச்சான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டு, "சரிங்க முதலாளி" என்றான்.

எண்ணெய் ஊற்றிவிட்டுக் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான். "வேலை நிலைச்சுருச்சுண்ணே. உங்களை மறக்கவே மாட்டேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். நிஜமான சந்தோஷம்.

தெருமுனை வந்ததும் மச்சான் சட்டென்று நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு வெள்ளை யூனிஃபார்ம் மாப்ள" என்றார்.