பாவு நீட்ட யாரும் வராத காலை

அந்த வருஷம் ஜரிகை விலை ஏறிக்கொண்டே போனது. கல்யாணப் புடவை கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெரிய காஞ்சிபுரத்தில், என் கணவர் விட்டுப்போன எட்டுத் தறிகளை நான் நடத்திக்கொண்டிருந்தேன். நெசவாளர்களைக் கலவரப்படுத்த வேண்டாமென்று வாயே திறக்கவில்லை.

தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, கஞ்சியில் தோய்த்து, தெரு நீளத்துக்கு நீட்டிக் காயவைப்போம். கஞ்சி வாசனை, கோயில் மணி, இரு பக்கமும் பேசிக்கொண்டே இழை பிரிக்கும் கைகள். என்ன காலைகள் அவை! அந்த வருஷம் ஒரு நாள் காலை மட்டும் ஒருவரும் வரவில்லை. நான் கஞ்சியில் தோய்த்து வைத்திருந்த ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. அந்தப் பாவு பாழானால் வேறு பட்டு வாங்க எனக்கு வழியில்லை.

எங்களுக்கு நெய்கிற ருக்மணி தன் வாசலிலிருந்தே கேட்டாள்: "தறிய மூடப் போறீங்களாமேக்கா? எல்லாரும் வேற எடம் பாத்துக்கினு இருக்காங்க."

தெருவே கேட்கும்படி சொன்னேன்: "வியாபாரம் படுத்துடுச்சு, நெசந்தான். ஆனா ஒரு தறியும் நிக்காது. ஜரிகைய கொறச்சி சின்னக் கரை நெய்யலாம். இருக்கிற வேலைய எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாய்க்கு ஜரிகை போட்டுத் தச்சிருந்தீங்களா?" என்றாள் ருக்மணி.

தெரு சிரித்தது. கைகள் வந்தன. பாவு பிழைத்தது.

இப்போதெல்லாம் சந்தை லேசாகத் தடுமாறினாலும், வதந்தி கிளம்புமுன் நானே ஒவ்வொரு தறிக்கும் போய்ச் சொல்லிவிடுகிறேன். கெட்ட செய்தியை என் வாயால் கேட்டவர்கள் யாரும் இதுவரை என்னை விட்டுப் போனதில்லை.