இலங்கைக் கோடும் இந்தியக் கோடும்

ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சக்கரபாணி கணக்கு வாத்தியார். இளவட்டத்தில் கண்டியில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். அங்கே வயசுக்கு வந்த பெண்கள்கூட வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாய்ப் பள்ளிக்கூடம் போனார்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. போகாததுதான் வினை. எதற்கெடுத்தாலும் "இலங்கையிலே..." என்று ஆரம்பிப்பார். ஊர் அவருக்கு இலங்கை வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டு, தன் பெண்களைக் களையெடுக்க அனுப்பிக்கொண்டிருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடியில் வகுப்புச் சுவரில் இரண்டு கோடு போட்டார். பத்துப் பெண்களில் எத்தனை பேர் எட்டாவதைத் தாண்டுகிறார்கள் என்பது கணக்கு. பேப்பரில் பார்த்ததை வைத்து, இதே வேகத்தில் போனால் இன்னும் இருபது இருபத்தைந்து வருஷத்தில் என்ன ஆகும் என்று கோட்டை நீட்டினார். இலங்கைக்குக் காவி, இந்தியாவுக்கு நீலம். ஆசாரிகள் செய்வதுபோல நூலைச் சாயத்தில் நனைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுண்டினால் சுவரில் கோடு விழும். நீலத்தின் மேல்முனையை முக்காலியில் ஏறி நின்று பிடித்தவள் அவருடைய ஒரே மகள் ஜெயம். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் தப்பே வராத பெண்.

"ரெண்டும் எப்ப நைனா சேரும்?"

"எண்பத்தஞ்சுல. மின்ன போறவங்கள நாம எட்டிப் புடிச்சிடுவோம். நீ பரிச்ச பாஸ் பண்ணு, ஜூன்ல திண்டிவனம் ஐஸ்கூலு."

மார்கழியில் ஜெயம் வயசுக்கு வந்தாள். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைக்க வேண்டும்; சடங்கு முடிந்த பெண் அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பரீட்சையோ பங்குனியில். கையில் பாஸ் இருந்தால் மைத்துனனிடம் சண்டை போட்டாவது சேர்த்துவிடலாம் என்று நினைத்தார் சக்கரபாணி. மனைவி வீரம்மாளின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"யாருக்கும் சொல்லாத. சித்திரையில வந்தாப்பல காட்டிக்கலாம்."

"தெய்வக் குத்தமாயிடுங்க."

"அந்தப் பாவம் என்னோட போவட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பொங்கல் வந்தது. வீரம்மாளின் தம்பி துரைக்கண்ணு வளவனூரிலிருந்து சீர் கொண்டுவந்து இறங்கினான். முப்பது வயசு, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். கரும்பும் புதுப்பானையும் மஞ்சள் கொத்தும் பார்த்த ஜெயம், அன்று தான் ஒதுங்கி இருக்க வேண்டிய நாள் என்பதை மறந்து, மாமன் கையிலிருந்து மஞ்சள் கொத்தை வாங்க ஓடினாள்.

"தொடாதடி!" என்று அலறினாள் வீரம்மாள். பொங்கல் பானைக்குக் கட்டுகிற மஞ்சள் ஆயிற்றே. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைக்கண்ணு கரும்பைக் கீழே போட்டான். "எத்தினி நாளா இது நடக்குது? குடிச கட்டற பாத்தியத கூட எனக்கு இல்லியாக்கா? மறச்சி வச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? இன்னா ஆச்சோ ஏதாச்சோன்னு ஊரு பேசும். வேணாம். இந்தத் தையிலயே நான் கட்டிக்கினு போறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அக்கா வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் மனசார நினைத்தான். வயிற்றெரிச்சலே அதுதான். அடிக்க வந்திருந்தால் சக்கரபாணி திருப்பி அடித்திருப்பார்.

"இலங்கையிலே..." என்று வாயெடுத்தார்.

"போதுங்க உங்க இலங்க," என்றாள் வீரம்மாள். "எம் பொண்ணு தெருவுல நிக்கணுமா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மார்கழியிலேயே ஊரறியச் சடங்கு சுற்றியிருந்தால் ஜெயம் இரண்டு வருஷமாவது வீட்டில் சும்மா இருந்திருப்பாள். அதையும் அப்பன் புத்திசாலித்தனம் பிடுங்கிக்கொண்டது. துரைக்கண்ணு அவசரமாய்க் கட்டிய குடிசையின் ஓலை வாடுவதற்குள் அதே வாசலில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். பரீட்சை அன்று சக்கரபாணி வகுப்பில் அவள் இடத்தைப் பார்க்காமலே கேள்வித்தாள் கொடுத்தார்.

அறுபத்தைந்து பங்குனியில், இரண்டு வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெயம் தாய்வீடு வந்தாள். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள், வெளுத்துப்போன சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை நீலக் கோட்டைத் தடவியது.

"எந்த வருசம் சேரும்னு சொன்ன நைனா?"

"எண்பத்தஞ்சு," என்றார்.

ஜெயம் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப இவ வயித்துப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போற வயசு," என்றாள்.

சக்கரபாணி மனசுக்குள் போட்டுப் பார்த்தார். எண்பத்தைந்தில் இந்தக் குழந்தைக்கு இருபத்திரண்டு. அதன் பிள்ளைக்குப் பள்ளி வயசு என்றால், பதினைந்திலோ பதினாறிலோ இதையும் கட்டிக்கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மகள் முகத்தைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை அவள். கேட்ட கணக்குக்கு விடை சொல்லிவிட்டுச் சோற்றுத்தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஜெயத்துக்குக் கணக்கில் தப்பே வராது.