சேந்தமங்கலத்தில் ‘திருட்டுப் பாஷை’

சேந்தமங்கலம் சந்தை கலைகிறது. நாமக்கல் பஸ்ஸுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கிறேன். பக்கத்தில் ஒரு குறவர் பெண், விற்காத கூடைகளுக்கு நடுவே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷனைச் சற்று முன்புதான் உள்ளே இழுத்துப் போனார்கள்.

“எதுக்கம்மா புடிச்சாங்க?”

“எங்க பேச்சுல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டாருங்க. திருட்டுக்குச் சாடை சொல்றியான்னு அடிச்சாங்க.”

“என்ன சொன்னார்?”

“பொழுது எறங்குது, ஊட்டுக்குப் போலாம்னாருங்க சாமி.”

பாஷைகளைப் பற்றி ஒரு துரை எழுதிய புத்தகத்தைப் படித்திருக்கிறேன். குறவர் பேசுவது திருடர்களின் ரகசியப் பேச்சு என்று அதில் போட்டிருக்கிறது. அவன் அங்கே உட்கார்ந்து எழுதிவிட்டான். இங்கே அடி விழுகிறது. கப்பலில் வந்து ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டவர்கள் பேசுவதற்கு மட்டும் பாஷை என்று பெயர்.

ஸ்டேஷனுக்குள் போய் ஏட்டிடம் அவள் புருஷன் சொன்னது இன்னதென்று சொல்கிறேன்.

“உமக்கு அவங்க பாஷை தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பப் போய் பஸ்ஸைப் பாரும்.”

திரும்பி வருகிறேன். குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் தன் பேச்சில் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். வாசலில் நிற்கும் போலீஸ்காரன் திரும்பிப் பார்க்கிறான்.

“அழுவாத சாமி, அப்பா வந்துருவாரு” என்று அவனுக்குக் கேட்கும்படி தமிழில் சொல்கிறாள்.

குழந்தைக்கு அது விளங்கவில்லை. இன்னும் உரக்க அழுகிறது.